டார்க்வேவ் டெமோக்கள்: க்ளான் ஆஃப் ஸைமாக்ஸை முன்வைத்துச் சில கேள்விகள்

டார்க்வேவ் கேட்கிறவர்கள் நாலு பேர் கூடினால், அதில் ஒருவர் கட்டாயம் "ஆல்பத்தை விடுங்கள், அந்தப் பழைய டெமோவைக் கேட்டீர்களா?" என்று ஆரம்பிப்பார். புதிதாக வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆல்பத்துக்கு முன் மாதிரிக்காகப் பதிந்த, இரைச்சலும் மங்கலுமாகக் கிடக்கும் ஒரு ஒலிப்பதிவில் இவர்கள் அப்படி என்ன கண்டுவிட்டார்கள் என்று தோன்றும். நண்பர்கள் அவ்வப்போது கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ஒரே குழு, நெதர்லாந்தின் க்ளான் ஆஃப் ஸைமாக்ஸ். தேவைப்படும் இடங்களில் மற்றவர்களும் வருவார்கள்.

டார்க்வேவ் என்றால் எந்த மாதிரி இசை?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நியூ வேவ் என்ற ராக் வகையின் இருண்ட பக்கமாகக் கிளைத்தது. டிரம் மெஷின், சிந்தசைசர், முன்னால் வந்து நிற்கும் பேஸ் கிட்டார், எக்கோவில் நனைந்த கிட்டார், தணிந்த குரல். கோத் ராக்கோடு நெருங்கிய உறவு உண்டு, ஆனால் இதில் சிந்தசைசருக்கு இடம் அதிகம். தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ப்ராஜெக்ட் ரெக்கார்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பெயரை அங்கேயும் பரப்பின. இவ்வளவு தெரிந்தால் போதும்.

டெமோ யாருக்காகச் செய்கிறார்கள்?

ரசிகருக்காக இல்லை. நிறுவனத்துக்கு அனுப்ப, ரேடியோக்காரரிடம் கொடுக்க, கச்சேரிக்கு இடம் பிடிக்க, சில நேரம் தாங்களே மறந்துவிடாமல் இருக்க. கேட்பவர் மொத்தமே பத்துப் பேர் என்ற நினைப்பில் செய்த வேலை அது. அந்த நினைப்பு ஒலியில் தெரியும். கூட்டத்தைக் கவர வேண்டும் என்ற பதற்றம் இருக்காது. அதனால் அறிமுக இசை தேவைக்கு மேல் நீளும், பாட்டு எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடியாமல் இன்னும் அரை நிமிடம் ஓடும். எனக்கு அந்த அரை நிமிடங்கள் பிடிக்கும்.

ஸைமாக்ஸின் டெமோ கதை என்ன?

ரோனி மூரிங்ஸ், ஆங்கா வோல்பெர்ட் இருவரும் 1981-ல் நைமேகன் நகரத்தில் தொடங்கிய குழு. பிறகு ஆம்ஸ்டர்டாமுக்கு நகர்ந்தார்கள். அப்போது பெயர் வெறும் ஸைமாக்ஸ். 1983-ல் 'சப்சீக்வென்ட் ப்ளஷர்ஸ்' என்று ஒரு மினி எல்பியை, அதாவது ஆல்பத்தைவிடச் சிறிய இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். ஐந்து பாட்டு, 500 பிரதி.

அந்தக் காலத்தில் டெட் கேன் டான்ஸ் என்ற இசைக்குழுவின் பிரெண்டன் பெரிக்கு இவர்களைப் பிடித்துப்போய், தங்கள் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் முதலில் மேடையேறும் குழுவாக அழைத்தார். டெட் கேன் டான்ஸ் இருந்தது லண்டனின் ஃபோர் ஏடி இசை நிறுவனத்தில். அதன் தலைவர் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் காதுக்கு இவர்களுடைய பாட்டு போய்ச் சேர, ஒப்பந்தமானது. 1985-ல் க்ளான் ஆஃப் ஸைமாக்ஸ் என்ற பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அதற்குள் பீட்டர் நூட்டன் குழுவில் சேர்ந்திருந்தார். கீபோர்டு, கூடவே குரலும்.

அப்புறம் பெயர் இன்னும் இருமுறை மாறியது. 1989-ல் 'ட்விஸ்ட் ஆஃப் ஷேடோஸ்' ஆல்பத்தோடு பெரிய நிறுவனத்துக்குப் போனபோது மறுபடி ஸைமாக்ஸ், 1997-ல் மறுபடி க்ளான் ஆஃப் ஸைமாக்ஸ். இசைச் செயலியில் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் பாதிப் பாட்டு கண்ணில் படாது.

'சப்சீக்வென்ட் ப்ளஷர்ஸ்' இசைத்தட்டாகவே வந்துவிட்டதே, அதை எப்படி டெமோ என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. கறாராகப் பார்த்தால் அது டெமோ இல்லை, சொந்த வெளியீடு. ஆனால் அது செய்த வேலை டெமோவின் வேலை. தயாரிப்பாளர் இல்லை, நிறுவனம் இல்லை, இது போதாது, இன்னொரு முறை பாடு என்று சொல்ல ஆள் இல்லை. பின்னாளில் வந்த மறுபதிப்புகளில் அதே காலத்து டெமோக்களையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கேட்டால் இரண்டும் ஒரே அறையில் பிறந்தவை போலத்தான் இருக்கும். எனவே ரசிகர்கள் எல்லாவற்றையும் டெமோ என்றே பேசுகிறார்கள், நானும் அப்படித்தான்.

ஒரே ஒரு பாட்டை வைத்து வித்தியாசத்தைக் காட்ட முடியுமா?

முடியும். 'மஸ்கோவியட் மஸ்கிட்டோ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துகூட வெளியீட்டுக்கு வெளியீடு மாறியிருக்கிறது. 1983 இசைத்தட்டில் அது இருக்கிறது. 1985-ல் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக மறுபடி வாசித்தார்கள். 1987-ல் ஃபோர் ஏடி வெளியிட்ட 'லோன்லி இஸ் அன் ஐஸோர்' தொகுப்பில் மூன்றாவது முறையாக வந்தது. நான்கு வருடத்தில் ஒரே பாட்டுக்கு மூன்று உருவம்.

முதலில் 1987 வடிவத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் நிற்கிறது. தாளம் அகலமாக விழுகிறது, பேஸ் அடியில் உருள்கிறது, கிட்டார்கள் இரு பக்கமும் விரிகின்றன. ஹெட்ஃபோனில் கேட்டால் எது எங்கே இருக்கிறது என்று விரலால் சுட்டிக் காட்டலாம். அழகான வேலை, குறை சொல்ல எதுவும் இல்லை.

இப்போது 1983-க்குப் போங்கள். எல்லாம் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. தாளம் மெலிசாக, டிக் டிக்கென்று, கொஞ்சம் அதிகமாகவே முன்னால் கேட்கிறது. சிந்தசைசர் அதன் மேல் ஏறி ரீங்கரிக்கிறது. பாட்டின் பெயரில் கொசு இருப்பதற்கு இந்த வடிவம்தான் பொருத்தம் என்பேன், காதுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது. குரலும் வேறு. 1987-ல் மூரிங்ஸ் தன் குரல் எப்படிப்பட்டது என்று தெரிந்து பாடுகிறார். 1983-ல் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு வரியில் தணிகிறார், அடுத்த வரியில் இழுக்கிறார். அந்தத் தேடல்தான் என்னைப் பிடித்து வைக்கிறது.

அப்படியானால் டெமோவின் கவர்ச்சி என்பது பழைய கேசட்டின் 'ஸ்ஸ்ஸ்' சத்தம்தானா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரைச்சல்தான் சுகம் என்றால், காலிக் கேசட்டை ஓட்டிவிட்டு உட்கார்ந்து கேட்கலாமே.

விஷயம் அந்தக் கருவிகள் வேலை செய்த விதத்தில் இருக்கிறது. 1979-ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டிலேயே நான்கு ட்ராக், அதாவது தனித்தனியான நான்கு ஒலித்தடங்கள் பதியலாம். வழக்கமாக ஒரு கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என்று இருக்கும் ட்ராக்குகளை இது ஒரே திசையில் நான்காகப் பயன்படுத்தியது, தரம் கூட வேண்டும் என்பதற்காக நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டியது. வீட்டில் ஒலிப்பதிவு என்பதே இதற்குப் பிறகுதான் சாமானியர் கைக்கு வந்தது.

ஆனால் நான்கு ட்ராக் எதற்குப் போதும்? டிரம் மெஷின், பேஸ், சிந்தசைசர் மூன்றும் மூன்று ட்ராக்கைத் தின்றுவிடும். கிட்டாரும் குரலும் எங்கே போகும்? எனவே முதல் மூன்றையும் கலந்து நான்காவது ட்ராக்கில் இறக்குவார்கள், பிறகு அந்த மூன்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் அவ்வளவுதான். டிரம் கொஞ்சம் சத்தம் கூடிப்போச்சு, குறைக்கலாம் என்று பத்து நாள் கழித்துத் தோன்றினாலும் குறைக்க வழியில்லை, அது பேஸோடு ஒட்டிப்போயிருக்கும். குரல் பதிவதற்கு முன்பே, குரல் எப்படி வரும் என்று தெரியாமலே, தாளத்தின் அளவை முடிவு செய்தாக வேண்டும்.

அந்தக் காலத்து டெமோக்களில் டிரம் மெஷின் முந்திக்கொண்டு நிற்பதற்கும் குரல் பின்னால் எங்கோ கேட்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். வேண்டுமென்றே செய்த அழகியல் என்று விமர்சகர்கள் எழுதுவதில் பாதி, ட்ராக் தீர்ந்துபோனதால் வந்தது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டூடியோவில் குரலுக்கு ஒரு ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற விளைவு), டிரம்முக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு எக்கோ பெட்டி. எல்லாமே அதன் வழியாகத்தான் போகும். விளைவு, எல்லாச் சத்தமும் ஒரே இருட்டறையில் இருந்து வருவது போன்ற உணர்வு. டார்க்வேவ் என்ற இசைக்கே இந்த உணர்வுதான் உயிர். பணம் இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

டிரம் மெஷினைப் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

டிரம்மர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அடுக்குமாடி வீட்டில் வாசிக்க முடியாது. பாஸ் என்ற நிறுவனத்தின் டிஆர்-55 என்று 1980-ல் ஒரு டிரம் மெஷின் பெட்டி வந்தது. மொத்தமே நான்கு ஒலி. அதை வைத்துக்கொண்டு வாசிப்பில் நெளிவு சுளிவு காட்டவே முடியாது, ஒரே தாளம் கடைசிவரை ஓடும். தாளம் மாறாதபோது பாட்டின் உணர்ச்சி முழுவதையும் பேஸும் குரலும் சுமக்க வேண்டியிருக்கிறது, அதனால் பேஸ்காரர்கள் மெட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். லீட்ஸ் நகரத்தின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி தங்கள் டிரம் மெஷினுக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் சூட்டி உறுப்பினர் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. கேலி பாதி, மரியாதை பாதி.

குரல் சரியாகவே புரியவில்லையே, வரிகள் முக்கியமில்லையா?

ஸைமாக்ஸ் விஷயத்தில், ஓரளவுக்கு இல்லை. டச்சுக்காரர்கள் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள், சொல்லைவிட ஒலிக்கே அழுத்தம். சில பாட்டில் இரண்டு சொல் தெளிவாகக் காதில் விழும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். வரிகளை அச்சில் படித்துவிட்டுக் கேட்டால் சில பாட்டுகளின் மாயம் குறைகிறது என்பது என் அனுபவம். படிக்காமலே கேளுங்கள்.

டெமோதான் எப்போதும் ஆல்பத்தைவிடச் சிறந்தது என்கிறீர்களா?

இல்லை. அப்படிச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அதில் பாதிப் பேருக்கு, மற்றவர்களிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்ற பெருமைதான் முக்கியம்.

1985 ஆல்பத்தின் 'எ டே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விரிவு, கிட்டார் அலை எழும் விதம், அடுக்கடுக்காக ஏறும் சிந்தசைசர், இதையெல்லாம் நான்கு ட்ராக் கேசட்டில் செய்யவே முடியாது. 1986-ல் வந்த 'மெடுஸா' ஆல்பமும் அப்படித்தான். பனிமூட்டம் போலப் படரும் அந்த ஒலிக்கு நல்ல ஸ்டூடியோவும் பொறுமையும் தேவை. அதன் டெமோ வடிவங்கள் கிடைத்தாலும் ஆர்வத்துக்காக ஒருமுறை கேட்பேன், அவ்வளவுதான்.

வேகமான, பதற்றமான பாட்டுகளுக்கு டெமோ பொருந்துகிறது. மெதுவான, விரிந்த பாட்டுகளுக்கு ஸ்டூடியோ வேண்டும். என் கணக்கு இது, விதிவிலக்கு நிறைய உண்டு.

உண்மையைச் சொன்னால் ஸைமாக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டுமே இல்லை. ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிந்தவைதான். பிபிசியின் அந்த ஒலிப்பதிவுகளுக்கு வழக்கமாக ஒரே நாள்தான் கொடுப்பார்கள். காலையில் போய், நான்கு பாட்டு வரை வாசித்து, அன்றே கலந்து முடித்துவிட்டு வர வேண்டும். நல்ல ஸ்டூடியோ, நல்ல பொறியாளர், ஆனால் யோசிக்க நேரமில்லை. 1985-ல் ஸைமாக்ஸ் இரண்டு முறை இப்படிப் போனது. டெமோவின் அவசரமும் ஆல்பத்தின் தெளிவும் ஒன்றாக அமைந்த இடம் அது.

பாட்டு ஒரு வடிவத்தில் நன்றாக இருக்கும்போது ஏன் மாற்றுகிறார்கள்? நிறுவனத்தின் வற்புறுத்தலா?

எப்போதும் அப்படி இல்லை. பீட்டர் நூட்டனின் 'ஆஃப்டர் த கால்' பாட்டைப் பாருங்கள். 1985-ல் பீல் நிகழ்ச்சியில் ஒரு வடிவம், 1986-ல் 'மெடுஸா'வில் இன்னொன்று. 1987-ல் கனடாவின் கிட்டார் கலைஞர் மைக்கேல் ப்ரூக்கோடு சேர்ந்து 'ஸ்லீப்ஸ் வித் த ஃபிஷஸ்' என்ற ஆல்பம் செய்தபோது, தாளத்தை ஒதுக்கிவைத்து அதே பாட்டை மறுபடி எடுத்தார். முதல் ஆல்பத்தில் வந்த 'ஈக்வல் வேஸ்' பாட்டையும் அதில் திரும்பச் செய்தார். யாரும் வற்புறுத்தவில்லை, அவருக்கே அந்தப் பாட்டுகள் தீரவில்லை.

மற்றக் குழுக்களில் கேட்க வேண்டிய டெமோக்கள்?

மூன்று சொல்கிறேன்.

லைசியா. அமெரிக்காவின் அரிசோனாவில் மைக் வான்போர்ட்ஃப்ளீட் தொடங்கிய குழு. 1989-ல் 'வேக்' என்ற கேசட் வந்தது. பின்னாளில் இவர்களின் அடையாளமான அந்தப் பாலைவன வெறுமை அதிலேயே முழுசாக இருக்கிறது. கிசுகிசுப்பான குரல், ரிவெர்பில் கரைந்த கிட்டார், இரக்கமில்லாத டிரம் மெஷின். 1991-ல் வந்த 'அயோனியா' ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வந்தாலும் ஏமாற்றம் இருக்காது.

லாக்ரிமோசா. டிலோ வோல்ஃப் 1990-ல் 'க்ளாமோர்' என்று இரண்டே பாட்டுள்ள கேசட் ஒன்றை வெளியிட்டார். அடுத்த வருடம் 'ஆங்ஸ்ட்' ஆல்பத்தில் அந்த இரண்டும் இடம்பெற்றன. அதே மனிதர் 1999-ல் 'எலோடியா' ஆல்பத்துக்காக லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார். கேசட்டில் இருந்து ஆர்க்கெஸ்ட்ரா வரை ஒன்பது வருடம். ஆர்க்கெஸ்ட்ரா வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது, ஆனால் அது என் ரசனை.

மூன்றாவது டார்க்வேவ் இல்லை, அதற்கு முந்தைய தலைமுறை. பௌஹாஸ். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்காரர்கள். குழு உருவாகிச் சில வாரங்களே ஆன நிலையில், 1979 ஜனவரி 26 அன்று வெலிங்பரோவில் இருந்த பெக் ஸ்டூடியோவில் முதல் முறையாக ஒலிப்பதிவுக்குப் போனார்கள். அங்கே ஒரே டேக்கில் வாசித்த ஒன்பது நிமிடத்துக்கும் அதிகமான 'பெலா லுகோசிஸ் டெட்' அப்படியே அந்த ஆகஸ்டில் சிங்கிளாக வெளிவந்தது. அதாவது அவர்களுடைய டெமோதான் அவர்களுடைய மிகப் பெரிய பாட்டு. யாரும் மறுபடி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் அதை ஐந்து நிமிடமாகச் சுருக்கவில்லை என்பது இந்த இசைக்கே கிடைத்த அதிர்ஷ்டம்.

ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்ட பதிப்பை வாங்கலாமா?

எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அசல் நாடாவில் இருந்து எடுத்து, அளவுகளை மட்டும் சரிசெய்தது என்றால் தாராளமாக. இரைச்சலை அழிக்கிறேன் என்று கிளம்பியது என்றால் வேண்டாம். காரணம் எளிது. ரிவெர்பின் கடைசி நுனி மெலிந்து மெலிந்து மறையும் இடத்தில் நாடாவின் இரைச்சலும் அதே அளவில்தான் இருக்கும். மென்பொருளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, சேர்த்து வழித்துவிடும். பிறகு குரல் சட்டென்று முடியும், அறை காணாமல் போயிருக்கும்.

இன்னொரு தொல்லை, சத்தத்தைக் கூட்டுவது. எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளிவிட்டால் அந்த மெலிசான டிரம் மெஷின் ஆணி அடிப்பது போலக் கேட்கும்.

இப்போதைய குழுக்களும் டெமோ மாதிரியே ஒலிக்கின்றனவே?

ஆமாம். பெலாரஸின் மால்ச்சட் டோமா 2018-ல் வெளியிட்ட 'எடஷி' ஆல்பத்தைக் கேட்டால் யாரோ பழைய பெட்டியில் இருந்து எடுத்த கேசட் என்றே தோன்றும். 2020-ல் அதில் இருந்த 'சுட்னோ' பாட்டு டிக்டாக்கில் பரவி உலகம் சுற்றியது. அவர்களுடைய மங்கல் ஒலியை நான் நம்புகிறேன், பாட்டு அதைக் கேட்கிறது. ஆனால் இன்று கணினியில் ஒரு பிளகினை (துணை மென்பொருளை) போட்டால் நாடா இரைச்சல், வேகத் தள்ளாட்டம் எல்லாம் பொத்தானில் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான ட்ராக்கை வைத்து நிதானமாகக் கலந்துவிட்டு, கடைசியில் மேலே இரைச்சலைத் தூவினால் அது டெமோவாகிவிடாது. திரும்பிப் போக முடியாத முடிவுகள் அதில் இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் கண்டுபிடித்துவிடலாம்: இரைச்சல் இருக்கும், சமநிலை கச்சிதமாக இருக்கும். நிஜ டெமோவில் ஏதாவது ஒன்று கட்டாயம் தூக்கலாக இருக்கும்.

எதில் இருந்து ஆரம்பிப்பது? அசல் இசைத்தட்டு கிடைக்குமா?

அசல் 500 பிரதிகளில் ஒன்றைத் தேடுவது சேகரிப்பாளர்களின் விளையாட்டு, பாட்டு கேட்க அது தேவையில்லை. 'சப்சீக்வென்ட் ப்ளஷர்ஸ்' சிடியாகவும் வந்திருக்கிறது. இப்படிப்பட்ட பழைய பதிவுகளைத் தேடி வெளியிடும் சான் ஃபிரான்சிஸ்கோவின் டார்க் என்ட்ரீஸ் நிறுவனம் வினைலாகவும் மறுபதிப்புச் செய்திருக்கிறது.

முதலில் 1985 ஆல்பம். அது பிடிக்கவில்லை என்றால் டெமோ பக்கம் போகாதீர்கள், நேர விரயம். பிடித்திருந்தால் பீல் பதிவுகள், அதன் பிறகு 1983 தட்டு. அதில் 'மஸ்கோவியட் மஸ்கிட்டோ' முதலில், 'அபிஸ்மல் தாட்ஸ்' கடைசியில். போனின் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் மொத்தமாகக் காணாமல் போய் டிரம் மெஷின் மட்டும் மிஞ்சும். சாதாரண ஹெட்ஃபோன் போதும், சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.